கடலோரப் பழைய மாளிகையா, புது வில்லாவா, கோட்டை ஓட்டலா? பெரிய கூட்டத்துக்கு எது சரிப்படும்

15, 20 பேர் ஒரு வாரம் கடலோரத்தில் சேர்ந்து தங்கலாம் என்று பேச்சு எழுந்தால் போதும், யாராவது ஒருவர் ஒரு படத்தை அனுப்பிவிடுவார். கடலைப் பார்த்த, தூண் வைத்த வராண்டா, ஆளுயர ஜன்னல்கள், தோட்டத்திலிருந்து தண்ணீருக்கு இறங்கும் கல் படிக்கட்டு. பார்த்ததுமே பாதிப் பேர் மனதளவில் அங்கே குடியேறிவிடுவார்கள். அந்த ஆசையில் தவறே இல்லை. என் ஓட்டும் பெரும்பாலும் பழைய மாளிகைக்குத்தான். ஆனால் அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன் மற்ற வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். புதிதாகக் கட்டிய பெரிய வில்லா, பழைய கோட்டையில் நடக்கும் ஓட்டலில் மொத்தமாக அறைகள், பாரம்பரியக் கட்டடங்களைக் காப்பாற்றி வாடகைக்கு விடும் அறக்கட்டளைகளின் வீடுகள் என்று சில உண்டு. எதை எடுப்பது என்பதற்கு நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: உங்கள் கூட்டம் பகல் பொழுதை எங்கே கழிக்கப் போகிறது?

காலையில் கிளம்பிப் போய் இருட்டிய பிறகு படுக்க மட்டும் வருவார்கள் என்றால் மாளிகை வீண் செலவு. வீட்டிலேயே சேர்ந்து சமைத்து, சேர்ந்து சாப்பிட்டு, சாயங்காலம் முழுக்க வராண்டாவில் பேசிக்கொண்டிருக்கிற கூட்டம் என்றால் மாளிகைக்கு ஈடு கிடையாது.

பழைய மாளிகை

பிரான்ஸின் தென்கடற்கரையை எடுத்துக்கொள்வோம். 1864-ல் நீஸ் நகரத்துக்கு ரயில் வந்த பிறகு அந்தக் கரையோரம் மாளிகைகள் வரிசையாக எழுந்தன. குளிர்காலத்தில் வெயிலைத் தேடி வந்த பணக்காரக் குடும்பங்களுக்காகக் கட்டியவை அவை. கோடை அங்கே சீசன் ஆனது 1920-களிலிருந்துதான். யாருக்காகக் கட்டினார்கள் என்பது வீட்டின் அமைப்பிலேயே தெரியும். எஜமானர் குடும்பத்துக்குத் தெற்கு பார்த்த பெரிய படுக்கையறைகள் சில, வேலைக்காரர்களுக்குக் கூரைக்கு அடியில் சின்னச் சின்ன அறைகள். விளம்பரத்தில் ‘20 பேர் தங்கலாம்’ என்று போட்டிருந்தால், அந்தக் கூரை அறைகளையும் ஹாலில் விரிக்கிற சோபா கட்டில்களையும் சேர்த்துத்தான் 20 வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். கோடை மதியத்தில் அந்த அறைகளில் யார் படுப்பது என்பது ஒரு குடும்பச் சண்டைக்குப் போதுமான விஷயம்.

அதனால் படங்கள் எத்தனை அனுப்பினாலும், வீட்டின் வரைபடத்தைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். எந்தத் தளத்தில் எந்த அறை, அதில் என்ன கட்டில், எதற்கு அட்டாச்டு பாத்ரூம், எந்த அறைக்குப் போக இன்னொருவர் அறையைக் கடக்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் தெரியும். பழைய வீடுகளில் அறைக்குள் அறை திறப்பது சகஜம். நடு இரவில் புதுமணத் தம்பதியின் அறை வழியாகப் பெரியம்மா பாத்ரூம் போக வேண்டியிருந்தால் அந்த ஏற்பாடு இரண்டாம் நாளே கசந்துவிடும்.

அப்புறம் வெந்நீர். இதை யாரும் கேட்பதில்லை, எல்லோரும் அனுபவிக்கிறார்கள். 300 லிட்டர் டேங்க்கில் 60 டிகிரிக்குக் காய்ச்சிய தண்ணீர் இருக்கிறது என்று வையுங்கள். குளிக்கிற பதத்துக்குப் பச்சைத் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய 540 லிட்டர் வரும். ஷவரில் நிமிடத்துக்கு 9 லிட்டர் கொட்டும், ஒருவர் 8 நிமிடம் நிற்பார் என்றால் ஏழெட்டுப் பேருக்கு மேல் தாங்காது. 3 கிலோவாட் ஹீட்டர் அந்த டேங்க்கை மறுபடி காய்ச்ச 5 மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். கடலில் ஆடிவிட்டு 20 பேர் ஒரே நேரத்தில் உப்பும் மணலுமாக வந்து நிற்கிற சாயங்காலத்தை நினைத்துப் பார்த்தால், டேங்க் எத்தனை லிட்டர், எத்தனை டேங்க் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றாது. தோட்டத்தில் திறந்தவெளி ஷவர் ஒன்று இருந்தால் பெரிய ஆறுதல்.

மின்சாரமும் இதே கதை. இத்தாலியில் சாதாரண வீட்டு இணைப்பு 3 கிலோவாட்தான். ஓவன் ஓடும்போது கெட்டிலைப் போட்டு, மாடியில் யாரோ ஏசியைத் தட்டினால் வீடே டிரிப் ஆகும். பெரிய மாளிகைகள் பலவற்றில் கூடுதல் இணைப்பு வாங்கியிருப்பார்கள், ஆனால் எல்லாவற்றிலும் என்று சொல்ல முடியாது. எத்தனை கிலோவாட் என்று ஒரு வரி கேட்டால் பதில் வந்துவிடும். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் இன்னொரு சங்கடம் உண்டு. லிஃப்ட் வைக்கவோ, வெளிச்சுவரில் ஏசி பெட்டி மாட்டவோ, ஜன்னலை மாற்றவோ வீட்டுக்காரர் நினைத்தாலும் அனுமதி கிடைப்பது கடினம். முட்டி வலிக்காரர்கள் கூட்டத்தில் இருந்தால் தரைத்தளத்தில் பாத்ரூமோடு ஒரு படுக்கையறையாவது இருக்க வேண்டும். இது இல்லையென்றால் நான் வேறு வீடு பார்க்கச் சொல்வேன்.

கடல் பக்கத்துச் சுவரின் கீழ்ப்பகுதியைக் கிட்டக் காட்டும் படம் ஒன்றும் கேளுங்கள். உப்புக்காற்றும் ஈரமும் சுவருக்குள் போய், காயும்போது உப்பு படிகமாகி உள்ளிருந்து தள்ளும். முதலில் பெயிண்ட் கொப்புளம் போல எழும்பும், விரலால் தட்டினால் வெள்ளை மாவாக உதிரும். பழைய சுண்ணாம்புக் காரை இந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்த வீட்டில் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட வீட்டில் மெத்தையிலும் தலையணையிலும் பூஞ்சை வாடை அடிக்க வாய்ப்பு அதிகம். ஆஸ்துமா உள்ள குழந்தை வருகிறது என்றால் இதைக் கேட்காமல் விடக் கூடாது. வராண்டா, பால்கனி கைப்பிடிச்சுவரின் உயரத்தையும் அளந்து சொல்லச் சொல்லுங்கள். இன்றைய கட்டட விதிகள் 1 மீட்டர் அளவுக்காவது கேட்கும் இடத்தில், பழைய கல் கைப்பிடிகள் பல அதைவிடத் தாழ்வாக இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் என் ஓட்டு ஏன் மாளிகைக்கு? இரண்டு காரணங்கள். முதலாவது, அது நிற்கிற இடம். பிரான்ஸில் 1986-ல் வந்த கடற்கரைச் சட்டம், ஊர்ப்பகுதிக்கு வெளியே கரையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டுவதைத் தடுத்துவிட்டது. ஸ்பெயினிலும் 1988 சட்டப்படி பொதுவாக 100 மீட்டர் பாதுகாப்புப் பட்டை உண்டு, அதில் புது வீடு கட்ட முடியாது. அலைச் சத்தம் படுக்கையறைக்குள் கேட்கிற இடத்தில் நிற்கும் வீடுகளில் பல இந்தச் சட்டங்களுக்கு முன்னாலேயே கட்டியவை. காசு கொடுத்தாலும் அந்த இடத்தில் புதுசு கிடைக்காது.

இரண்டாவது, பொது அறைகள். விருந்தாளிகளை வாரக்கணக்கில் வைத்துக்கொள்வதற்கென்றே கட்டிய வீடுகள் அவை. ஒரு பெரிய சாப்பாட்டு அறை, ஒரு கூடம், புத்தக அறை, இரண்டு மூன்று வராண்டாக்கள் என்று பிரிந்து பிரிந்து இருக்கும். எல்லாவற்றுக்கும் கதவு உண்டு, சுவர் தடிமனாக இருக்கும். ஒரு பக்கம் சீட்டுக்கச்சேரி நடக்கும், இன்னொரு பக்கம் குழந்தை தூங்கும், யாரோ ஒருவர் தனியாகப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். சாப்பிட எல்லோரும் ஒரே மேஜைக்கு வருவார்கள். 20 பேர் ஒரு வாரம் ஒருவரோடு ஒருவர் சண்டை இல்லாமல் இருப்பதற்குச் சேர்ந்து இருக்க ஒரு இடமும், தப்பித்துப் போக நாலு இடமும் வேண்டும்.

‘தனியார் கடற்கரை’ என்ற வார்த்தையை மட்டும் நம்பிக் கூடுதல் வாடகை கொடுக்காதீர்கள். பிரான்ஸில் 1976 சட்டப்படி பொதுவாகக் கரையை ஒட்டி 3 மீட்டர் அகலத்துக்கு நடந்து போகும் உரிமை எல்லோருக்கும் உண்டு. கேப் தாந்தீப் முனையில் மாளிகைகளின் மதிலுக்கு அடியிலேயே நடைபாதை போகிறது. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் கடற்கரை பொதுச் சொத்து. உங்களுக்குக் கிடைப்பது கடலுக்கு இறங்கும் சொந்தப் படிக்கட்டாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதுவே பெரிய விஷயம்தான். எத்தனை படி, இறங்கினால் மணலா பாறையா என்று கேட்டுக்கொள்ளுங்கள், போதும்.

புது வில்லா

இதற்கு நிறைய சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் சொன்னது பெரும்பாலும் சொன்னபடி வேலை செய்யும். அறைகள் ஏறக்குறைய ஒரே அளவு, ஒவ்வொன்றுக்கும் பாத்ரூம், ஏசி, வெளியே நீச்சல் குளம். அறை பிரிப்பதில் மனக்கசப்பு வராது. சின்னக் குழந்தைகளும் வயதானவர்களும் அதிகம் என்றால் இதுதான் சரி. பிரான்ஸில் 2003-ல் வந்த சட்டத்தால், தரைக்குள் பதித்த தனியார் நீச்சல் குளங்களுக்கு வேலி, மூடி, அலாரம் என்று ஏதாவது ஒரு பாதுகாப்பு கட்டாயம். மற்ற நாடுகளில் இதை நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குறை என்று பார்த்தால், சமையலறை, சாப்பாடு, சோபா எல்லாம் ஒரே ஹாலில், சுற்றிலும் கண்ணாடி, பளிங்குத் தரை. 6 பேர் பேசினால் அழகாக இருக்கும், 20 பேர் பேசினால் கல்யாண மண்டபம் மாதிரி எதிரொலிக்கும். ஒதுங்கி உட்கார ஆளுக்கு அவரவர் படுக்கையறையைத் தவிர வேறு இடம் இருக்காது. மேலே சொன்ன 100 மீட்டர் காரணத்தால் புது வில்லாக்கள் பல குன்றின் மேல் இருக்கும். கடல் நன்றாகத் தெரியும், ஆனால் கால் நனைக்க ஒவ்வொரு தடவையும் கார் எடுக்க வேண்டியிருக்கும்.

கோட்டை ஓட்டல்

ஸ்பெயின் அரசு 1928-லிருந்து நடத்தும் பாரடோர் ஓட்டல்கள் இதற்கு நல்ல உதாரணம். கலீசியாவில் பயோனா ஊரின் பாரடோர், மூன்று பக்கம் அட்லாண்டிக் சூழ்ந்த கோட்டை மதிலுக்குள் இருக்கிறது. அவரவர் அறைக்கு அவரவர் பணம் கட்டலாம், கடைசி நேரத்தில் ஒருவர் வரவில்லை என்றால் மற்றவர்கள் தலையில் அந்தச் செலவு விழாது. சமையல், பாத்திரம், பெட்ஷீட் எதுவும் உங்கள் கவலை இல்லை. பழைமையும் கிடைக்கிறது, வெந்நீரும் கிடைக்கிறது.

கிடைக்காதது வீடு. இரவு 11 மணிக்கு மேல் 20 பேர் சத்தமாகச் சிரித்துக்கொண்டு உட்கார இடம் இருக்காது. ஒரு குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச அடுப்பு இருக்காது. பல வருஷம் கழித்து ஒன்று சேர்கிற சொந்தக்காரர்களுக்கு இது ஒரு பெரிய இழப்பு என்பேன். ஒருவருக்கொருவர் அதிகப் பழக்கமில்லாத அலுவலகக் கூட்டம் போன்றவற்றுக்கு இதுவே நிம்மதி.

அறக்கட்டளை வீடுகள்

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. பிரிட்டனில் லேண்ட்மார்க் டிரஸ்ட் 1965-லிருந்து, இடியப்போகிற பழைய கட்டடங்களை மீட்டு வாடகைக்கு விடுகிறது. ஆல்டர்னி தீவில் அவர்களுடைய கிளோங்க் கோட்டை 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 13 பேர் தங்கலாம். கரையிலிருந்து போகும் கல்பாதை ஓதம் ஏறும்போது சில சமயம் மூழ்கிவிடும். அந்த நேரத்தில் கோட்டையில் நீங்கள் மட்டும்தான். டிவி கிடையாது. பளபளப்பை எதிர்பார்த்து வருபவருக்கு ஏமாற்றம், கட்டடத்தை நேசிப்பவருக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் 15 பேருக்கு மேல் போனால் இந்த வழி அநேகமாக அடைபட்டுவிடும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

வீடு எதுவானாலும் ஒப்பந்தத்தில் ஒரே ஒருவர் பெயர்தான் இருக்கும். உடைந்த விளக்கு முதல் ரத்துக் கட்டணம் வரை அவர் தலையில்தான் விழும். பழைய மாளிகையில் பாதி சாமான் விலைமதிப்பற்றது, ஆகவே பாதுகாப்பு வைப்புத்தொகையும் பெரிதாக இருக்கும். போய் இறங்கிய முதல் மணி நேரத்திலேயே ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். பிறந்தநாளோ மணிவிழாவோ கொண்டாடப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். இரவில் வெளியே பாட்டு போடத் தடை, வெளி விருந்தாளிகளுக்குத் தனிக் கட்டணம் போன்றவை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும். இத்தாலியில் என்றால் விளம்பரத்தில் அந்த வாடகை வீட்டுக்கான தேசிய அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 தொடக்கத்திலிருந்து அது கட்டாயம். எண் இல்லாத வீட்டுக்கு அட்வான்ஸ் அனுப்ப வேண்டாம்.

கையெழுத்துப் போடுபவரைத் தனியாக மாட்டிவிடாமல், மற்றவர்களின் பங்கை ரத்துத் தேதிக்கு முன்பே வசூலித்துவிடுங்கள். மாளிகை என்றால் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிக்காதீர்கள், அறைவாரியாகப் பிரியுங்கள். கடல் பார்த்த பெரிய அறைக்கு ஒன்றரைப் பங்கு, கூரை அறைக்கு அரைப் பங்கு என்று வைத்து, யாருக்கு எது வேண்டும் என்பதை வீட்டை முடிவு செய்கிற அன்றே பேசி எழுதிக்கொள்ளுங்கள். அரைப் பங்கு என்றதும் கூரை அறையைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் இளைஞர்கள் எந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள்.