மரபணுவுக்குக் காப்புரிமையா, பொதுவில் விடுவதா? நாங்கள் எடுத்த முடிவு

பல வருடம் ஒரு மரபணுவின் பின்னால் ஓடி, அது செய்யும் வேலையை ஒருவழியாகப் பிடித்த பிறகு எங்கள் ஆய்வுக் குழுவில் வந்த முதல் சண்டையே இதுதான்: காப்புரிமைக்கு விண்ணப்பிப்பதா, எல்லாவற்றையும் பொதுவில் போட்டுவிடுவதா. பொதுவில் போட்டோம். நான் அதற்காகத்தான் வாதாடினேன், அதனால் இந்த ஒப்பீடும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

இயற்கையில் இருப்பதை யாராவது சொந்தம் கொண்டாடலாமா என்பதை இங்கே நீட்ட வேண்டாம். 2013இல் மிரியட் ஜெனடிக்ஸ் என்ற மரபணுப் பரிசோதனை நிறுவனத்தின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, உடலிலிருந்து பிரித்தெடுத்த மரபணுவுக்குக் காப்புரிமை கிடையாது, மரபணுச் செய்தியைப் பார்த்து ஆய்வகத்தில் செய்யும் நகலான சிடிஎன்ஏவுக்கு உண்டு என்று சொல்லிவிட்டார்கள். ஐரோப்பாவில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, மரபணுவின் பயனைக் காட்டினால் பிரித்தெடுத்த மரபணுவுக்கே இன்னும் கிடைக்கும். ஆக, கதவு முழுக்க மூடவில்லை, அதனால்தான் எங்களுக்கும் சண்டை வந்தது.

காப்புரிமை கேட்டவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பணம் போடுபவர் கொஞ்ச காலமாவது போட்டியில்லாமல் இருக்க நினைப்பார். காப்புரிமை எடுத்தாலே கெடுதல் என்றும் இல்லை. நுரையீரலைப் பாதிக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கான மரபணுவை 1989இல் கண்டுபிடித்தவர்கள் காப்புரிமை எடுத்தார்கள், ஆனால் யாருக்கும் தனியுரிமை தராமல் பல ஆய்வகங்களுக்கும் உரிமம் கொடுத்தார்கள். மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பிஆர்சிஏ மரபணுக்களில் நடந்தது வேறு. அமெரிக்காவில் மிரியட் என்ற அந்த ஒரே நிறுவனம்தான் பரிசோதனை செய்தது, முழுப் பரிசோதனைக்கு 3,000 டாலருக்கு மேல்.

விலையைக்கூட விடுங்கள், அது இறங்கிவிடும். என்னை முடிவெடுக்க வைத்தது பரிசோதனை அறிக்கையில் வரும் ஒரு வரி: 'முக்கியத்துவம் தெளிவற்ற மாறுபாடு'. மரபணு வரிசையில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அதனால் நோய் வருமா வராதா என்று சொல்ல முடியவில்லை என்று அர்த்தம். அதைக் கையில் வைத்துக்கொண்டு அறுவை சிகிச்சை செய்துகொள்வதா வேண்டாமா என்று யோசிக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த வரியை விடப் பெரிய தொல்லை இல்லை. அதே மாறுபாடு இன்னும் பல குடும்பங்களில் தென்பட்டு, யாருக்கு நோய் வந்தது, யாருக்கு வரவில்லை என்று ஒப்பிட்டால்தான் அது தெளியும். ஒரே இடத்தில் பரிசோதனை நடந்தால் அந்த ஒப்பீடும் அங்கேயே தங்கிவிடும், இன்னொருவரிடம் காட்டிக் கேட்கவும் வழி இருக்காது. மிரியட் ஒரு கட்டத்தில் தன் மாறுபாட்டு விவரங்களைப் பொதுத் தரவுத்தளத்துக்குத் தருவதை நிறுத்தியது. காப்புரிமைக்கு 20 வருடம்தான் ஆயுள், ஆனால் அந்த 20 வருடத்தில் சேர்ந்த தரவுக்குக் காலாவதி கிடையாது. 2013 தீர்ப்பில் காப்புரிமை போனது, சேர்த்து வைத்த தரவு நிறுவனத்திடமே இருந்தது. காப்புரிமை கேட்கும்போது மரபணு வரிசையை வெளியிட வேண்டும், சரி. நோயாளிகளிடமிருந்து பின்னால் கற்றுக்கொண்டதை வெளியிடச் சொல்லி காப்புரிமைச் சட்டம் கேட்பதில்லையே.

மருந்து தயாரிப்பில் இந்தக் கணக்கு மாறலாம். ஒரு மருந்து சந்தைக்கு வரப் பல வருடச் சோதனை வேண்டும், பாதுகாப்பு இல்லாமல் யாரும் இறங்க மாட்டார்கள் என்று அதில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். நான் பரிசோதனைப் பக்கம் மட்டுமே வேலை பார்த்தவன், அதனால் அதை மறுக்க மாட்டேன்.

நாங்கள் கண்ட மாறுபாடுகளை கிளின்வார் என்ற பொதுத் தரவுத்தளத்தில் பதிவேற்றினோம். அதில் ஒன்று 'தெளிவற்றது' என்றே போயிற்று. அப்புறம் ஒருநாள் பார்த்தால், எங்களுக்குத் தெரியாத இன்னொரு ஆய்வகம் அதே மாறுபாட்டை வேறொரு குடும்பத்தில் பார்த்துத் தன் பதிவையும் கீழே சேர்த்திருந்தது. இப்போதும் 'தெளிவற்றது' தான், ஆனால் இரண்டு குடும்பம் ஆகிவிட்டது.