சூப்பர் கேரிக்கு இரிடியம் பிளக்
சிஎன்ஜியில் ஓடும் நம்ம மாருதி சூப்பர் கேரி குட்டி லோடு வண்டிக்கு நாலு சிலிண்டருக்கும் என்ஜிகே கம்பெனியின் இரிடியம் ஸ்பார்க் பிளக் (எரிபொருளைப் பொறி விட்டுப் பற்றவைப்பது) போட்டாயிற்று, கொடுத்த காசுக்கு நல்ல சாமான். சாதா நிக்கல் பிளக்கில் நடு முனை சுமார் 2.5 மி.மீ. தடிமன், இதில் 0.6 மி.மீ. தான், ஊசி மாதிரி, அதனால் குறைந்த வோல்டேஜிலேயே பொறி விழுகிறது. சிஎன்ஜியைப் பற்றவைக்க பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் வேண்டும் என்பதால் இதன் அருமை அங்கேதான் தெரியும். லோடோடு மேடு ஏறும்போது இருந்த திக்கல் போயே போச்சு. கழற்றிய பழைய பிளக்குகளில் முனை மழுங்கி, பொறி தாவும் இடைவெளி அகன்று கிடந்தது. நிக்கல் என்றால் 30,000 கி.மீ. தாண்ட விடாதீர்கள், சிஎன்ஜி வண்டியில் அதற்கும் முன்னாடியே கழற்றிப் பார்த்துவிடுங்கள். அப்புறம், இன்ஜின் நன்றாக ஆறின பிறகே பிளக்கில் கை வைக்க மெக்கானிக்கிடம் சொல்லுங்கள், இன்ஜினின் அலுமினிய ஹெட்டில் பிளக் திருகும் மரை போனால் பெரிய செலவு.