பழைய லேப்டாப்பில் நிறம் சரியில்லையா? கருவியா, புதுப் பேனலா, தனி மானிட்டரா?

2013-ல் வந்த திங்க்பேட் டி440பி போன்ற மாடல்களைப் பழையதாக வாங்கி, அதிலேயே போட்டோ எடிட்டிங்கும் செய்கிறவர்கள் உண்டு. பிராசஸர் இன்னும் தாக்குப்பிடிக்கிறது, திரைதான் காலை வாருகிறது. அரக்குச் சிவப்புப் பட்டுப்புடவைப் படத்தைத் திறந்தால் செங்கல் நிறத்தில் தெரியும். திரையை முன்னால் இழுத்தால் நிழல்கள் வெளுத்துப்போகும், பின்னால் சாய்த்தால் கறுத்துப்போகும்.

இந்த லேப்டாப்களில் பெரும்பாலும் வந்தது 1366×768 டிஎன் பேனல், அதாவது கோணம் மாறினால் நிறமும் மாறுகிற மலிவு வகைத் திரை. ஒரு நிறத்துக்கு 6 பிட்தான், அதாவது சொந்தமாகக் காட்டுவது 2,62,144 நிறங்கள். எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற வரம்பில் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான் தேறும். எந்த வழியை எடுத்தாலும் இந்தக் குறையை அது தொடுகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

செலவில்லாத வழி, விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்பிளே கலர் காலிபரேஷன். அதற்கு முன்னால் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட்டையும், இன்டெல் கிராபிக்ஸ் செட்டிங்கில் இருக்கும் டிஸ்பிளே பவர் சேவிங்கையும் அணைத்துவிடுங்கள். பேட்டரியில் ஓடும்போது காட்சிக்கேற்ப வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்டையும் அது தானாக மாற்றிக்கொண்டே இருக்கும். காமாவை, அதாவது நடுத்தர வெளிச்சங்கள் தெரியும் விதத்தை, சரிசெய்ய இந்த வழி போதும். வெள்ளையைச் சரிசெய்ய நம் கண்ணை நம்ப முடியாது. நீலம் பாய்ந்த வெள்ளையையும் சிறிது நேரத்தில் அது வெள்ளை என்றே ஏற்றுக்கொள்ளும். இன்னொருவர் தன் திரையை அளந்து போட்ட ஐசிசி ஃபைலை (நிறத் திருத்தக் குறிப்பை) இறக்கிப் போடுவதும் வேண்டாம். ஒரே மாடலிலேயே வெவ்வேறு கம்பெனிப் பேனல்கள் வரும்.

அடுத்தது கலரிமீட்டர், அதாவது திரையின் நிறத்தை அளக்கும் கருவி. ஸ்பைடர், காலிபிரைட் போன்ற கருவியைத் திரைமேல் தொங்கவிட்டு, இலவச மென்பொருளான டிஸ்பிளேகேலை ஓட்டினால், வரிசையாக நிறக்கட்டங்களைக் காட்டி அளந்து அந்தத் திரைக்கென்றே ஒரு புரொஃபைல் (ஐசிசி ஃபைல்) எழுதித் தரும். வெள்ளை பகல் வெளிச்சத்தை ஒத்த 6500 கெல்வினுக்கும் காமா 2.2-க்கும் வந்துவிடும். அருமையான கருவி, ஆனால் இந்தத் திரைக்கு அதை வாங்கச் சொல்ல மனம் வரவில்லை. பேனலில் இல்லாத சிவப்பை எந்தப் புரொஃபைலும் கொண்டுவராது. இருக்கும் கொஞ்ச நிறப்படிகளிலும் திருத்தத்துக்கே சில போய்விடும், நீல வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நடுவில் வைத்து அளந்த நிறம் டிஎன் திரையின் மேல் ஓரத்தில் அப்படியே தெரியவும் தெரியாது.

அதே காசைப் பேனலில் போடலாம். டி440பி-யில் திரையை இணைப்பது 30 பின் இடிபி கனெக்டர், 1920×1080 ஐபிஎஸ் பேனல் அதில் உட்காரும். சாய்த்தால் நிறம் மாறுகிற தொல்லை அன்றோடு தீர்ந்தது. ஆனால் ஐபிஎஸ் என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். 45% என்டிஎஸ்சி (இதுவும் நிற வரம்பை அளக்கும் ஓர் அளவுகோல்) ஐபிஎஸ் பேனல்களும் ஏராளம். கோணம் சரியாகும், சிவப்பு அதே செங்கல்தான். 72% என்டிஎஸ்சி என்று கேட்டு வாங்குங்கள், அதுதான் எஸ்ஆர்ஜிபி-யை ஏறக்குறைய முழுதாகத் தொடும். பழைய பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பரை வைத்து அளவு, கனெக்டர் இருக்கும் இடம், திருகுக் காதுகள் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றும்போது சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிய பிறகே கேபிளைத் தொட வேண்டும். மின்சாரம் இருக்கும்போது இழுத்தால் பேக்லைட் ஃபியூஸ் போய்விடலாம்.

டி430-ம் அதற்கு முந்தையவையும் வேறு கதை. அவற்றில் எல்விடிஎஸ் என்ற பழைய வகை இணைப்பு, இடிபி பேனல் நேரடியாகச் சேராது. சிக்னலை மாற்றித் தரும் பலகை வைத்துச் செய்கிறார்கள், ஆனால் அந்த அலைச்சலுக்கு ஒரு 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டரே மேல். வீட்டில் ஒரே மேஜையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் என்றால் டி440பி வைத்திருந்தாலும் என் ஓட்டு மானிட்டருக்குத்தான். லேப்டாப் போனாலும் அது கூடவே இருக்கும், பிறகு கலரிமீட்டர் வாங்கினாலும் அந்தக் காசுக்குப் பலன் உண்டு. வெளியூர் போய்ப் படமெடுத்து அங்கேயே திருத்திக் கொடுக்கிறவருக்குப் பேனல்தான் வழி.

மானிட்டரை எச்டிஎம்ஐ-யில் மாட்டியதும் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். லேப்டாப் அதை டிவி என்று எண்ணி, 0 முதல் 255 வரையிலான வெளிச்சப் படிகளுக்குப் பதிலாக 16 முதல் 235 வரையிலான அளவை மட்டும் அனுப்புகிறது. இன்டெல் செட்டிங்கில் குவாண்டைசேஷன் ரேஞ்சை ‘ஃபுல்’ என்று மாற்றினால் கறுப்பு கறுப்பாகிவிடும்.