நாடாளுமன்ற உணவகம்: மானியம் போன பிறகு விலைப்பட்டியல் எப்படி?

2021 ஜனவரியில் மானியம் நின்றது. வடக்கு ரயில்வே நடத்திவந்த உணவகத்தை இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ஏற்றது. எம்.பி.க்களோடு செயலக ஊழியர்களும் சாப்பிடும் இடம் என்பதால், அன்று வந்த விலைப்பட்டியலை ஊழியர் கண்ணால் பார்ப்போம்.

சப்பாத்தி 3 ரூபாய். எந்த ஊர்க் கடையிலும் கிடைக்காத விலை. 65 ரூபாயாக இருந்த சிக்கன் பிரியாணி 100, மட்டன் பிரியாணி 150. வெளியே சாப்பிடுவதோடு ஒப்பிட்டால் அப்போதும் மலிவுதான். சைவச் சாப்பாடு 100. 2016-இல் அதை 18-லிருந்து 30 ஆக்கியபோதே 'லாபமும் இல்லை, நட்டமும் இல்லை' என்றார்கள். ஆனாலும் மானியம் இன்னும் ஐந்து ஆண்டு ஓடியது! காய்கறி, அரிசி விலையை மட்டும் தட்டில் ஏற்றி, சமையல்காரர் சம்பளத்தையும் எரிவாயுவையும் வேறு கணக்கில் தள்ளினால் எந்த உணவகத்திலும் இப்படித்தான் ஆகும்.

மாதம் 22 வேலைநாள் அந்த 100 ரூபாய்ச் சாப்பாட்டையே எடுத்தால் 2,200 ரூபாய். அதிகாரிக்கு அது உறைக்காது, கடைநிலை ஊழியருக்கு உறைக்கும். அவருக்குக் கட்டுப்படியாவது சப்பாத்தி நாலு, கூடவே ஒரு கறி. 700 ரூபாய் அசைவ பஃபே அவருக்கானதே அல்ல. பதவி பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே விலை வைத்ததுதான் இந்தப் பட்டியலின் பெரிய குறை.