பாரபெனா, பீனாக்ஸிஎத்தனாலா, பென்சோயேட்டா: வீட்டு க்ரீமுக்கு எது தோது?

கற்றாழை க்ரீம், ரோஜா லோஷன் என்று வீட்டிலேயே செய்து விற்பவர்களின் டப்பாக்களில் 'பாரபென் இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பாரபென் என்பது க்ரீமில் கிருமி வளராமல் தடுக்கும் பிரிசர்வேட்டிவ்களில் ஒன்று. சரி, அதற்குப் பதிலாக என்ன போட்டீர்கள் என்று கேளுங்கள். 'விட்டமின் ஈ' என்று சொன்னால் நான் வாங்க மாட்டேன். அது எண்ணெயில் சிக்கு வாடை சீக்கிரம் வராமல் தடுக்கும், அவ்வளவுதான். கிருமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நாம் பூசும் லோஷன்களில் பெரும்பாலானவற்றில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அதற்குள் எண்ணெய் பொடித்துளிகளாக மிதக்கிறது, துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் எமல்சிஃபையர் பார்த்துக்கொள்கிறது. பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்வது அந்தத் தண்ணீரில். ஆக, பிரிசர்வேட்டிவும் தண்ணீரில் தங்க வேண்டும், அங்கே வேலை செய்யும் வடிவத்திலும் இருக்க வேண்டும். நான் பார்ப்பது இந்த இரண்டைத்தான்.

முதலில் பாரபென். பூஞ்சைக்கு நல்ல எதிரி, பிஎச் (அமிலத்தன்மையைச் சொல்லும் அளவு, எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 4 முதல் 8 வரை வேலை செய்யும், விலையும் குறைவு. ஆனால் எண்ணெய்ப் பக்கம் சாயும் குணம் உண்டு, பாரபென் வகைகளில் மெத்திலைவிட புரோப்பிலுக்கு அது அதிகம். பாலிசார்பேட் வகை எமல்சிஃபையர் தாராளமாக இருந்தால் அதுவும் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தண்ணீரில் மிஞ்சுவது குறையும். சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாவிடம் கொஞ்சம் திணறும். கெட்ட பெயர் வந்தது 2004-இல், பிரிட்டனில் 20 மார்பகக் கட்டி மாதிரிகளில் பாரபென் இருப்பதாக ஓர் ஆய்வு வந்த பிறகு. ஆரோக்கியமான திசுவோடு அதில் ஒப்பிடவில்லை, பாரபென்தான் காரணம் என்றும் நிறுவவில்லை. பாரபென் உடலில் ஹார்மோன் மாதிரி நடந்துகொள்ளுமோ என்ற கவலையை அதற்காக ஒதுக்கிவிட முடியாது: ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் ஐந்து பாரபென்களைத் தடை செய்து, புரோப்பில், பியூட்டில் இரண்டுக்கும் சேர்த்து 0.14 சதவீதம் என்று வரம்பைக் குறைத்தது. மெத்திலுக்கு 0.4 சதவீதம் அப்படியே இருக்கிறது. ஒவ்வாமை என்று பார்த்தால் பாரபென் சாது. அமெரிக்கத் தொடு ஒவ்வாமைச் சங்கம் 2019-இல் அதை 'ஒவ்வாமை தராத பொருள்' என்றே அறிவித்தது. பாரபெனைக் கைவிட்டவர்களில் பலர் போய்ச் சேர்ந்த மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற இன்னொரு பிரிசர்வேட்டிவுக்கு 2013-இல் அதே சங்கம் கொடுத்த பட்டம் 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்'!

பீனாக்ஸிஎத்தனால் திரவம், பிஎச் பற்றி அலட்டிக்கொள்ளாது, பாரபென் திணறும் பாக்டீரியாக்களிடம் பலமானது, பூஞ்சையிடம்தான் சற்று இளைத்துப்போகும். அதனால்தான் எத்தில்ஹெக்ஸில்கிளிசரினோடு கலந்து விற்கிறார்கள். ஐரோப்பிய வரம்பு 1 சதவீதம், அதாவது 100 கிராம் க்ரீமுக்கு 1 கிராம். துளிக்கணக்கு, ஸ்பூன் கணக்கெல்லாம் இங்கே எடுபடாது, 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். சில க்ரீம்களை நீர்க்க வைத்துவிடும் என்பது ஒரு குறை.

அடுத்தது, 'நேச்சுரல்' கூட்டத்தின் செல்லப்பிள்ளைகளான சோடியம் பென்சோயேட்டும் பொட்டாசியம் சார்பேட்டும். ஊறுகாய், ஜாம் லேபிளில் பார்த்திருப்பீர்கள். இரண்டும் தண்ணீரில் நன்றாகக் கரையும், ஆனால் கிருமியைக் கொல்வது உப்பு வடிவம் இல்லை, அதிலிருந்து வரும் அமிலம்தான். பிஎச் 5-இல் சார்பிக் அமிலத்தில் சுமார் 37 சதவீதமும் பென்சோயிக்கில் சுமார் 14 சதவீதமும் அந்த வடிவில் இருக்கும். பிஎச் 6-க்குப் போனால் முதலாவது சுமார் 5, இரண்டாவது 2-ஐக்கூடத் தொடாது. அதாவது போட்டது போட்டபடி இருக்கும், வேலைதான் நடக்காது. பிஎச் மீட்டரும் கொஞ்சம் சிட்ரிக் அமிலமும் இல்லாதவர் இந்தப் பக்கம் வரவேண்டாம்.

கிரேப்ஃப்ரூட் விதைச் சாறு என்று ஒன்றை (நம்மூர் திராட்சை இல்லை, பம்ளிமாஸ் மாதிரியான பழம்) இயற்கைப் பாதுகாப்பான் என்கிறார்கள். 1999-இல் ஜெர்மனியில் ஆறு சாறுகளைச் சோதித்தார்கள், ஐந்து கிருமியைக் கொன்றன, அந்த ஐந்திலும் பென்ஸீத்தோனியம் குளோரைடு என்ற செயற்கை ரசாயனம் இருந்தது. அது இல்லாத ஆறாவது ஒன்றும் கிழிக்கவில்லை.

புதிதாகச் செய்து பழகுபவருக்கு என் ஓட்டு பீனாக்ஸிஎத்தனால் கலவைக்குத்தான். க்ரீம் 40 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகு சேருங்கள். சூட்டோடு டப்பாவை மூடினால் ஆவி மூடியின் அடியில் முத்து முத்தாகக் கோத்து க்ரீம் மேல் சொட்டும். சொட்டிய இடத்தில் பிரிசர்வேட்டிவ் நீர்த்துப்போகும், பூஞ்சையின் முதல் புள்ளி பெரும்பாலும் அங்கேதான் வரும். பிரிசர்வேட்டிவே வேண்டாம் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் தண்ணீர் சேர்க்காமல் தேன்மெழுகு, எண்ணெய் மட்டும் வைத்து களிம்பு மாதிரி 'பாம்' (balm) செய்யுங்கள், ஈரக் கையை மட்டும் உள்ளே விடாதீர்கள்.