மெமோயர் '44 போர் விளையாட்டு: சில வருஷம் விளையாடிப் பார்த்தபின்

சிங்கப்பூரில் இருந்து மச்சான் கொண்டுவந்த பெட்டி இது. மதுரை அண்ணா நகர் வீட்டில் சில வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ரிச்சர்ட் போர்க் வடிவமைத்து 2004-இல் வந்த ஆட்டம், களம் இரண்டாம் உலகப்போர். அறுகோணக் கட்டம் போட்ட பலகை, பிளாஸ்டிக் சிப்பாய்கள், டாங்கிகள், பகடை, கட்டளைச் சீட்டுகள். விதிகள் ஒரே ஆட்டத்தில் பிடிபட்டுவிடும்.

உயிர் சீட்டில்தான் இருக்கிறது. களத்தை இடது, நடு, வலது என்று பிரித்திருக்கிறார்கள். வலப்பக்கம் டாங்கி தயாராக நிற்கும், கையில் இருப்பதெல்லாம் இடப்பக்கச் சீட்டு என்றால் அது நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். படை இருந்தும் உத்தரவு போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பது விளையாடினால்தான் உறைக்கிறது. காலாட்படை பக்கத்துக் கட்டத்தைச் சுட்டால் மூன்று பகடை, ஒரு கட்டம் தள்ளினால் இரண்டு, இன்னொன்று தள்ளினால் ஒன்றே ஒன்று. கிட்டே போகத் தோன்றும், போனால் நமக்கும் அதே அடி.

போர்ப் பயிற்சி என்று பார்த்தால் பெரிய குறை, எதிரி எங்கே நிற்கிறான் என்பது முழுக்கத் தெரிந்துவிடுகிறது. 1824-இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட கிரீக்ஸ்ஷ்பீல் என்ற போர்ப் பயிற்சி ஆட்டத்தில் உத்தரவை எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும், எதிரியில் எது கண்ணுக்குத் தெரியும் என்பதை அவர்தான் சொல்வார். எதிர்வீட்டு மாமா ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், சாண்ட் மாடல், அதாவது மணலில் போர்க்கள மாதிரி, போட்டுப் பழகிய கை. அதே மாதிரி ஆடிப் பார்க்க அவரை நடுவராக்கினோம். பலகை அவரிடம், எனக்கும் மச்சானுக்கும் ஆளுக்கொரு வரைபடத் தாள். மச்சான் மாடியில், நான் கீழே, உத்தரவெல்லாம் அவருக்கு வாட்ஸ்அப்பில். சில உத்தரவுகளை வேண்டுமென்றே இரண்டு சுற்று பிடித்து வைப்பார். கேட்டால், "ஒங்க ஆள் வழியில மாட்டிக்கிட்டாரு தம்பி" என்பார். பாலம் கைமாறிய பிறகுதான் என் துணைப்படை அங்கே போய்ச் சேர்ந்தது. பெட்டியில் உள்ள எந்த விதியும் இந்தப் பதற்றத்தைக் கொடுத்ததில்லை.

நடுவர் நேர்மையாக இருப்பது ரொம்ப முக்கியம். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவோடு நடந்த மிட்வே கடற்போருக்கு முன் ஜப்பானியக் கடற்படை நடத்திய மேசைப் பயிற்சியில் தங்கள் விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கியதாக வந்த முடிவை அட்மிரல் உகாக்கி மாற்றினார். 1942 ஜூனில் நடந்த போரில் நிஜமாகவே அப்படிப்பட்ட நான்கு கப்பல்கள் போயின. எங்கள் மாமா சொன்ன தீர்ப்பை மாற்றியதே இல்லை, மச்சான் எவ்வளவு கெஞ்சினாலும்.

மற்றபடி, களத்தை அடுக்கவே நேரம் பிடிக்கிறது, ஃபேன் காற்றில் சீட்டு பறக்கும், கவர் போட்டுவிடுங்கள். வாங்கலாமா என்றால், ஆட சரியான ஜோடி ஒருத்தர் இருந்தால் தாராளமாக வாங்கலாம். நடுவராக உட்கார மூன்றாவது ஆளும் கிடைத்தால் விடவே விடாதீர்கள்.