பழைய நீராவி இன்ஜினுக்குப் பணம் கொடுப்பவர்கள் முதலில் பாய்லர் அறிக்கையைக் கேளுங்கள்

இங்கிலாந்தில் இருக்கும் நம் ஆட்களில் ரயில் என்றால் உயிரை விடுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பழைய நீராவி இன்ஜினைச் சீர்செய்து மறுபடி ஓட்டப் போகிறோம், ஒரு பங்கு வாங்குங்கள், மாதாமாதம் கொஞ்சம் அனுப்புங்கள் என்று யாராவது கேட்டால் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எனக்கு 1,580 பவுண்ட் போய்விட்டது.

நான் பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்தவன். அப்பா பட்டறையில் பாய்லர் ஷாப்பில் வேலை பார்த்தவர். 2016 பிப்ரவரி 25 அன்று ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன் என்ற புகழ்பெற்ற நீராவி இன்ஜின் லண்டனிலிருந்து யார்க் வந்தபோது மகளைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்தோடு நின்றேன், அந்தக் கரிப் புகையின் வாசனை வந்ததும் கண் கலங்கிவிட்டது. அதே நினைப்பில் இருந்த ஏப்ரல் மாதத்தில்தான் பழைய ரயில்களை ஓட்டிக் காட்டும் ஒரு பாரம்பரிய ரயில் நிலையத்தில், ஒரு இன்ஜினைச் சீர்செய்யப் பணம் திரட்டிய குழுவின் மேசையைப் பார்த்தேன். நிலக்கரிச் சுரங்கத்தில் ஓடிய, தண்ணீர்த் தொட்டியைத் தன்மேலேயே சுமக்கும் சின்ன டேங்க் இன்ஜின், 2019இல் ஓடிவிடும் என்றார்கள். 500 பவுண்டுக்கு ஒரு பங்கும், மாதம் 15 பவுண்டும் என்று சேர்ந்துவிட்டேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு செய்திமடல் வரும். முதலில் சக்கரத்தின் டயர் தேய்ந்திருக்கிறது என்றார்கள், அப்புறம் சிலிண்டர் என்றார்கள், அப்புறம் கொரோனா. நான் எல்லாவற்றையும் நம்பினேன். ஒருநாள் பழைய மடல்களைப் புரட்டும்போதுதான் கவனித்தேன். 2018இல் வந்த படத்திலும் 2020இல் வந்த படத்திலும் இன்ஜின் பக்கவாட்டுப் பலகையில் அதே சிவப்பு எண்ணெய்க் குப்பி, அதே இடத்தில். கைப்பிடியில் தொங்கிய துணியின் மடிப்புகூட மாறவில்லை.

2022 வசந்தத்தில் நேரில் போனேன். ஷெட்டுக்குள் அடிச்சட்டம் பளபளவென்று பச்சைப் பெயின்ட்டில் நிற்கிறது, பெயர்ப்பலகையைத் தேய்த்து மின்ன வைத்திருக்கிறார்கள். பாய்லர் எங்கே என்று கேட்டேன். பின்னால் வெட்டவெளியில், நாலு ஸ்லீப்பர் கட்டை மேல், நீலத் தார்ப்பாய்க்கு அடியில். தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் உள் தகட்டையும் வெளித் தகட்டையும் இணைத்துப் பிடிக்கும் ஸ்டே போல்ட்டுகளில் உடைந்தவற்றைக் குறிக்க யாரோ போட்ட சாக்பீஸ் வட்டங்கள் மழையில் பாதி கரைந்திருந்தன. கை வைத்ததும் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. தகட்டின் கனத்தை அல்ட்ராசவுண்ட் வைத்து அளந்தீர்களா என்று கேட்டதற்கு, "பணம் சேர்ந்ததும் பார்ப்போம்" என்றார் அங்கிருந்தவர்.

அப்படியென்றால் ஆறு வருடமாக எங்களிடம் சொல்லி வந்த செலவுக் கணக்கு எதை வைத்துப் போட்டது?

அன்று இரவு அப்பாவுக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ஏம்ப்பா, பாய்லரைப் பிரிச்சுப் பாக்காம எவனாவது தேதி சொல்லுவானா?" என்றார். அவ்வளவுதான் விஷயம். நீராவி இன்ஜினில் பணத்தை விழுங்குவது பாய்லர்தான். டியூபுகளைக் கழற்றி, உள்ளே இறங்கி, கரி எரியும் ஃபயர்பாக்ஸின் தகட்டையும் நூற்றுக்கணக்கான ஸ்டேக்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகுதான் செலவு எவ்வளவு என்று ஓரளவுக்காவது சொல்ல முடியும். அதன்பின் தண்ணீர் அழுத்தச் சோதனை, நீராவிச் சோதனை, ஆய்வாளரின் சான்றிதழ். இங்கே பொதுவாகப் பத்து வருடம் ஆனால் மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். பெயின்ட் கடைசி வேலை. இவர்கள் அதை முதலில் செய்தது, பார்க்க வருகிறவர்கள் உண்டியலில் போடுவார்கள் என்பதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

தாமதத்தை நான் குறை சொல்லவில்லை. ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேனையே தேசிய ரயில்வே அருங்காட்சியகம் 2004இல் சுமார் 23 லட்சம் பவுண்டுக்கு வாங்கி, 2006இல் பிரித்து, 2016இல்தான் ஓட்டியது. அந்தப் பழுதுபார்ப்புக்கு ஆன செலவு மட்டும் 42 லட்சம். ஆனால் ஏன் இவ்வளவு இழுத்தது என்று வெளியாட்களை வைத்து ஆராய்ந்து 2012இல் அறிக்கையையும் வெளியிட்டார்கள். வேல்ஸின் பேரி பழைய இரும்புக் கிடங்கிலிருந்து 213 இன்ஜின்கள் மீட்கப்பட்டன, கடைசி இன்ஜின் வெளியே வந்தது 1990இல். அவற்றில் இன்னும் ஓடாதவையும் உண்டு. அதற்காக உழைக்கிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. என் கோபம், பாய்லருக்கென்று வாங்கிய பணத்தை ஷெட் வாடகைக்கும் காப்பீட்டுக்கும் கிரேனுக்கும் செலவழித்துவிட்டு எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்ததில்தான்.

இதை நான் முதலிலேயே கண்டுபிடித்திருக்கலாம். அவர்கள் பதிவுபெற்ற அறக்கட்டளையே இல்லை, சாதாரண லிமிடெட் கம்பெனி. கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸின் தளத்தில் கணக்குகளை இலவசமாகப் பார்க்கலாம், ஐந்து நிமிடம்கூட ஆகாது. பாய்லருக்கென்று தனி நிதி எதுவும் அதில் இல்லை. அறக்கட்டளை என்று சொன்னால் அதன் பதிவு எண்ணை வாங்கி, அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷனின் பதிவேட்டில் தேடுங்கள். ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று திரட்டிய பணத்தை அறக்கட்டளை அந்த வேலைக்குத்தான் செலவிட வேண்டும், அது சட்டம். இன்ஜின் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இரவலாக வந்த இன்ஜின் என்றால் நாளை உரிமையாளர் எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

மாதாமாதம் தானாகப் பணம் போய்க்கொண்டிருந்த வங்கி ஸ்டாண்டிங் ஆர்டரை, நேரில் பார்த்துவிட்டு வந்த அந்த வாரமே நிறுத்தினேன். பணத்தைத் திருப்பிக் கேட்டு இரண்டு கடிதம் எழுதினேன். முதலாவதற்குப் பதிலே இல்லை. இரண்டாவதற்கு, "பங்கு" என்று சொன்னதெல்லாம் நன்கொடைதான், படிவத்தின் பின்பக்கம் அப்படி இருக்கிறது என்று நாலு வரி வந்தது. எடுத்துப் பார்த்தேன், பொடி எழுத்தில் இருக்கத்தான் செய்கிறது. உங்களில் யாராவது இதே மாதிரி ஒரு திட்டத்தில் மாட்டியிருந்தால் கீழே சொல்லுங்கள், கணக்குக் கேட்டு நான் எழுதிய கடிதத்தின் நகலை அனுப்புகிறேன்.